ஆந்தைப் பனியனைப் பற்றி ஜெபா எழுதியது

கணினி ஆசிரியர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பணி ஓய்வு பெறுகிறவர்கள் எழுத வேண்டியது இது. எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். ஆகவே ஓய்வு பெற்றவனுடைய உரிமையை எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பாடத்தை எப்படி நடத்துவது என்று இதில் ஒரு வரியும் இருக்காது. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அப்பா மங்கலத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். எனக்கு இந்த வேலை கிடைத்த அன்று அவர் ஒன்றுதான் கேட்டார்: “சத்தமில்லாத வேலையா கண்ணு?”

“ஆமாங்கப்பா. ஏ.சி. ரூம்.”

அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பள்ளி திருப்பூர் வேலம்பாளையத்தில். பிள்ளைகளில் பெரும்பாலோர் பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் வீட்டிலிருந்து வருகிறவர்கள். பெற்றோர் காலையில் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். பூட்டிய வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று நிறையப் பிள்ளைகள் மாலையில் கணினி அறையிலேயே உட்கார்ந்திருக்கும். நானும் விரட்டியதில்லை.

சேர்ந்த முதல் வாரத்தில் மூத்த ஆசிரியர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் புத்தி சொன்னார். “மானிட்டர் எல்லாத்தையும் கதவப் பாத்துத் திருப்பி வெச்சுருங்க தம்பி. பசங்க மூஞ்சியப் பாத்துட்டு நிக்காதீங்க, முதுகுக்குப் பின்னால நில்லுங்க. மூஞ்சி பொய் சொல்லும், ஸ்கிரீன் சொல்லாது.”

அன்று மாலையே மேசைகளைத் திருப்பிப் போட்டேன். நல்ல யோசனைதான், நீங்களும் செய்யுங்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பலகை அடித்த சின்னச் சின்ன அறைகளோடு பிரவுசிங் சென்டர்கள் இருந்த காலம் அது. அங்கே போய் என்னத்தைப் பார்க்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆபத்து என்றால் வெளியிலிருந்து திரைக்குள் வருவது. நாம் பின்னால் நின்றால் வராது. இன்டர்நெட்டைப் பற்றி நான் அறிந்திருந்த ஆபத்து அவ்வளவுதான்.

நன்மையும் என் கண்ணெதிரில் நடந்தது. அதைச் சொல்லாமல் போனால் தப்பு. செல்வன் என்று ஒரு பையன், அப்பா பக்கத்துத் தோட்டத்தில் பண்ணையம் பார்க்கிறவர். பத்தாவதுக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. அவனாகவே தேடி, பாலிடெக்னிக்கில் இருக்கும் ஒரு படிப்பைக் கண்டுபிடித்து, விண்ணப்பத்தையும் எடுத்து, என்னிடம் வந்து, “சார், இது நெஜமாலுமே இருக்குதுங்களா, இல்ல இதுல மட்டும் இருக்குதுங்களா?” என்று கேட்டான். நெஜமாகவே இருந்தது. இப்போது அங்கே படிக்கிறான். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், இந்த ஒரு வயரை வைத்துக்கொண்டு என் பிள்ளைகளை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்விடலாம் என்று நினைத்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன்.

அந்த நினைப்பில் இருந்தபோதுதான் ஒரு தொண்டு அமைப்பு எங்கள் பள்ளியையும் இங்கிலாந்தில் ஒரு பள்ளியையும் இணைத்தது. ஒரு வலைப்பக்கம். அதில் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும். அந்தக் கடிதங்களை உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அதுதான் அதன் பெருமை என்று எங்களுக்குச் சொன்னார்கள். நாங்களும் அப்படியே பெற்றோர் கூட்டத்தில் சொன்னோம்.

ஒன்பதாம் வகுப்பு ஜெபாவுக்கு ஹெலன் என்கிற பெண் கிடைத்தாள். “எங்க ஊர்லயும் ஹெலன் இருக்கா சார். ஆனா அவ கறுப்பு” என்றாள் ஜெபா. அவள் அப்படித்தான், எதையாவது சொல்லி அறையைச் சிரிக்க வைத்துவிடுவாள். குடும்பம் தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது. அம்மா எஸ்தர் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தார். ஒரு தங்கை, நான்காம் வகுப்பு. அப்பா ஊரிலேயே தங்கிவிட்டார். அவரைப் பற்றி அந்த வீட்டில் பேச்சுக் கிடையாது.

ஹெலன் தன் முதல் கடிதத்தில், விடுமுறையில் தான் வீடு வீடாகச் செய்தித்தாள் போடுவதாக எழுதியிருந்தாள். அதைத் தன் ஆசிரியை வகுப்பில் பாராட்டினார் என்றும் எழுதியிருந்தாள். கூடவே சைக்கிளோடு ஒரு படம். ஊதா நிற டி-ஷர்ட், எங்கள் ஊர்ப் பேச்சில் பனியன்; நெஞ்சில் எம்பிராய்டரி போட்ட ஆந்தை.

ஜெபா திரைக்குள் தலையை விடுகிற மாதிரி குனிந்து பார்த்தாள்.

“சார், இது எங்க ஆந்தை.”

“எந்த ஆந்தை?”

“லீவுல அம்மாகூட கம்பெனிக்குப் போனம்லா சார். மாசம் பூராம் இந்த ஆந்தைக்குத்தான் பிசிறு வெட்டுனேன். கனவுலயுங்கூட இதுதான் முழிச்சிக்கிட்டு இருக்கும்.”

வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முழு ஆண்டு விடுமுறையில் பிள்ளைகளைக் கம்பெனிக்குக் கூட்டிப்போவது இங்கே வழக்கம். லைன் வீட்டில் பெண்பிள்ளையைத் தனியாக விட்டுப் போக முடியாது. அடுத்த வருஷத்து நோட்டுக்கும் செருப்புக்கும் ஆகும். தைத்து விழும் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்குவது, எடுத்து அடுக்கிக் கொடுப்பது, இப்படிச் சின்ன வேலைகள். யாரும் அதை மறைத்ததில்லை, யாரும் அதைப் பெரிதாகப் பேசியதும் இல்லை. நானே விடுமுறை தோறும் தறிக்குத் தார்க் குச்சியில் நூல் சுற்றியவன். ஆகவே ஜெபா எழுதியதைப் படித்தபோது என் மனதில் எந்த மணியும் அடிக்கவில்லை. வேறு ஊரில் பிறந்த ஆசிரியர் ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் ஒருவேளை அடித்திருக்கும்.

அவள் எழுதியது இதுதான். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்.

“நீ லீவில் வேலை செய்கிறாய். நானும் லீவில் வேலை செய்கிறேன். உன் ஆந்தையை எனக்குத் தெரியும். பனியனைக் கழற்றி உள்பக்கம் திருப்பு. ஆந்தையின் கண்ணுக்குப் பின்னால் பார். நூல் தொங்கினால் அதை வெட்டியது வேறு யாரோ. சுத்தமாக இருந்தால் அது நான்.”

இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பச் சொன்னேன். அந்த அறையிலிருந்து போன கடிதங்களில் அதைவிட நல்ல கடிதம் இல்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஹெலனின் பதில் வந்த மாலை பிள்ளைகள் எல்லாம் அந்த ஒரு மானிட்டரைச் சுற்றி நின்றார்கள். “சுத்தமாக இருக்கிறது. நீதான்.”

கைதட்டினார்கள். ஒரு பையன் மட்டும் தன் பனியனை இழுத்துக் காட்டி, “ஏ ஜெபா, இதுல பூராப் பிசிறுதான் தொங்குது. இது ஆரு வெட்டுனது?” என்றான்.

“அது எலி வெட்டுனது.”

அன்று அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்தவர்கள், இந்தப் பெண்ணை இனி யாரும் எங்கும் நிறுத்த முடியாது என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஹெலனிடமிருந்து கடிதம் வரவில்லை. பரீட்சையாக இருக்கும் என்றிருந்தோம். ஒரு நாள் தலைமையாசிரியர் என்னை வரச் சொன்னார். அவர் அறையில் எஸ்தர் வேலை செய்யும் கம்பெனியின் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் எங்கள் வலைப்பக்கம் தாளில் அச்சாகிக் கிடந்தது.

“சார், ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதீங்க” என்று ஆரம்பித்தார் மேனேஜர். நல்ல மாதிரியான மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. “பாப்பா எழுதுனதுல ஒரு வார்த்த பொய்யில்லீங்க. அதுதானுங்க சிக்கலே.”

நடந்ததைச் சொன்னார். ஹெலனின் அம்மா கடிதத்தைப் படித்திருக்கிறார். மனது கேட்காமல் பனியன் வாங்கிய கடைக்கு எழுதியிருக்கிறார். கடைக்காரர்கள் தங்களுக்குச் சரக்கு எடுத்துத் தரும் பையரிடம் கேட்டார்கள். பையர் இங்கே கேட்டார். ஆந்தை போட்ட பனியனைத் தைத்தது திருப்பூரிலேயே இவர்கள் ஒருத்தர்தான். அடுத்த ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

“அதே பக்கத்துல பாப்பா இன்னொன்னு எழுதோணுங்க. சும்மா கற்பனையா எழுதுனேன், கம்பெனிக்குள்ள போனதே இல்லைன்னு. அது போதுமுங்க. ஆர்டர் போச்சுன்னா செக்கிங்ல இருக்கற பொம்பளைங்களத்தானுங்க மொதல்ல நிறுத்துவாங்க. நா ஒண்ணும் பண்ண முடியாதுங்க.”

“ஒரு நாள் டைம் குடுங்க” என்றேன்.

“ஆபீஸ்ல பையரோட ஆள் உக்காந்துட்டு இருக்காருங்க. நா போய்ப் பதில் சொல்லோணும்.”

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க லேப்புல நடந்ததுங்க தம்பி. நீங்களே ஒரு முடிவு சொல்லிப்போடுங்க.”

எஸ்தரைக் கம்பெனி வேனிலேயே கூட்டி வந்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் இருந்தார். பக்கத்தில் ஜெபா. நான் போய் நின்றேன்.

“புள்ளைய வெச்சுப் பொய் எழுத வெக்க எனக்கு மனசில்லீங்கம்மா. நீங்க வேண்டாம்னு சொன்னா நானும் உள்ள போய் வேண்டாம்னு சொல்லிடறனுங்க.”

எஸ்தர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “நீங்க மனசப் பாக்குதிய சார். நான் எங்கூட நிக்க பொம்பளையளப் பாக்கேன். காலைலருந்து ஒருத்தி எங்கிட்ட முகங்குடுத்துப் பேசல. எழுதட்டும்.”

“நீ என்ன சொல்ற ஜெபா?”

“ஹெலன் என்னப் பொய்க்காரின்னு நெனப்பாளே சார்.”

“ஆமா, அவ நெனச்சாதான் நமக்குச் சோறு எறங்காது பாரு” என்றார் அம்மா.

உங்களுக்கும் இப்படி ஒரு வேளை வரும். யாரும் கெட்டவராக இருக்க மாட்டார்கள். ஹெலனின் அம்மா இரக்கப்பட்டார். மேனேஜர் வேலையைக் காப்பாற்றப் பார்த்தார். எஸ்தர் கூட நிற்கிறவர்களை நினைத்தார். எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், பையரின் ஆள் எங்கேயோ உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். எனக்கு அந்த நேரத்தில் தெரிந்தது எல்லாம் இவ்வளவுதான்: மாட்டேன் என்றால் முகம் தெரியாத பெண்களுக்கு வேலை போகும், சரி என்றால் இந்த ஒரு பெண்ணுக்கு ஏதோ போகும், அது என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பேர் சொல்லத் தெரியாததை விட்டுக்கொடுப்பது சுலபமாக இருந்தது. எழுதலாம் என்றேன்.

இன்னொன்று பிறகுதான் உறைத்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளை கம்பெனியில் நின்றது சரியா என்று ஹெலனின் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அன்று அந்த அறையில் இருந்த படித்தவர்கள் ஒருவர்கூட அந்தக் கேள்வியை வாயில் எடுக்கவில்லை. நான் உட்பட.

ஜெபா உட்கார்ந்து தட்டினாள். “நான் எழுதியது கதை. நான் எந்தக் கம்பெனிக்கும் போனதில்லை. அந்தப் பனியனை ஒரு கடையில் பார்த்தேன்.” வழக்கம்போல் பின்னால் நின்று பார்த்தேன். அவள் ஆங்கிலத்தில் முதல்முறையாக ஒரு பிழையும் இல்லை.

ஹெலனின் பதில் மறுநாளே வந்தது. “அப்படியானால் என்னுடையதைச் சுத்தமாக வெட்டியது யார்?”

ஜெபா அதைப் படித்துவிட்டுத் திரையில் அந்த ஜன்னலை மூடினாள். அந்த வாரமே ஹெலன் பள்ளியின் ஆசிரியை, கடிதப் பரிமாற்றத்தை நிறுத்திக்கொள்வதாகத் தலைமையாசிரியருக்கு எழுதினார். வலைப்பக்கத்தை நானே அழித்தேன். முடிந்தது என்று எல்லோரும் மூச்சு விட்டோம்.

அது அழியவில்லை. நாம் அழித்த பிறகும் தேடுபொறியில் பழைய நகல் கிடக்கும் என்பது பாடத்தில் இருக்கிறது, பிள்ளைகளுக்கு நானே நடத்தியிருக்கிறேன். சில வாரம் கழித்துப் பையர் அனுப்பிக் கம்பெனிக்கு ஆடிட்டுக்கு வந்தவர்கள் அங்கிருந்து இரண்டு கடிதத்தையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். எது நெஜம் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ரொம்ப நேரம் ஆகியிருக்காது. கம்பெனி தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது: நிர்வாகத்துக்குத் தெரியாமல் ஒரு தொழிலாளி தன் பிள்ளையை உள்ளே கூட்டி வந்துவிட்டார், அவரை நீக்கிவிட்டோம். ஆர்டர் தப்பியது. செக்கிங் பெண்கள் தப்பினார்கள். எஸ்தர் ஒருவர்தான் வெளியே வந்தார்.

மேனேஜரே எனக்குப் போன் செய்து சொன்னார். “வேற வழியில்லீங்க சார்” என்றார். இருந்ததாக எனக்கும் தெரியவில்லை.

ஜெபா பள்ளிக்கு வருவது நின்றது. நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு ஷெட்டில் அம்மாவும் பெண்ணும் வேலைக்குப் போவதாக வகுப்புப் பிள்ளைகள் சொன்னார்கள். தேடிப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. பெரிய கம்பெனிகளிலிருந்து ஜாப் ஒர்க்காக வந்த துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஒரு மூலையில் ரேடியோவில் இந்திப் பாட்டு. ஜெபா மேசையருகே நின்று நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தரியை வைத்துவிட்டு எழுந்து நிற்பதைப் போல நிமிர்ந்தாள், ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள்.

“பரீட்சைக்காச்சும் வந்துரு ஜெபா. ஹெச்.எம்.கிட்ட நான் பேசிட்டேன்.”

“அம்மாக்கு இங்க பழைய சம்பளம் இல்ல சார். நான் நின்னாத்தான் ஆவும். மின்ன லீவுல மட்டும் வந்தேன், இப்ப லீவே கெடையாது.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். பழைய சிரிப்பு இல்லை, பெரியவர்களுக்காகச் சிரிப்பது.

“கம்பெனிக்காரங்ககிட்ட வேணா ஒருக்கா பேசிப் பாக்கட்டுமா?”

“வேண்டாம் சார். அலையாதிய.” கத்தரியை எடுத்துக்கொண்டாள். நான் ஷெட்டைச் சுற்றுமுற்றும் பார்ப்பதைக் கவனித்திருக்க வேண்டும். என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னாள்: “பயப்படாதிய சார். இங்க யாரும் வந்து பாக்க மாட்டாவ.”

அடுத்த வருஷம் இன்னொரு பள்ளியோடு எங்களை இணைத்தார்கள். இந்த முறை நான் விதி போட்டேன். அப்பா அம்மா என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதக் கூடாது. ஊர்ப் பெயர், கம்பெனிப் பெயர் கூடாது. விடுமுறையில் என்ன செய்தாய் என்று அங்கிருந்து கேட்டால் மாமா வீட்டுக்குப் போனேன் என்று எழுது. பிள்ளைகள் பொங்கலைப் பற்றி எழுதினார்கள், மழையைப் பற்றி எழுதினார்கள், மயிலைப் பற்றி எழுதினார்கள். நாற்பது பேர் எழுதியதும் ஒருவர் எழுதியது போலவே இருந்தது. பாதுகாப்பாக இருந்தது. ஒரு பையன், “எங்கப்பா தறி ஓட்டறாருன்னு மட்டும் எழுதிக்கறனுங்க சார்” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். தறி ஓட்டுகிறவர் மகன் நான், தறி ஓட்டுகிறவர் மகனிடம் சொன்னேன்.

உங்களுக்குப் பயிற்சியில் அபாயங்களை வரிசையாகச் சொல்லியிருப்பார்கள். கெட்ட படங்கள், முகம் தெரியாதவர்கள், விளையாட்டுப் பைத்தியம். எல்லாம் உண்மை, எல்லாவற்றுக்கும் பூட்டு இருக்கிறது, போடுங்கள். ஆனால் உங்கள் பிள்ளை ஒரு உண்மையைப் பெருமையோடு எழுதிக்கொண்டு வந்து, அனுப்பலாமா என்று கேட்கும்போது என்ன சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அனுப்பு என்றும் சொல்லிப் பார்த்தேன், அனுப்பாதே என்றும் சொல்லிப் பார்த்தேன்.

போன ஜூனில் ஆறாம் வகுப்புச் சேர்க்கை நடந்தது. எஸ்தர் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்தே கணினி உண்டு, பிள்ளைகளின் பெயரை நான்தான் சேர்க்க வேண்டும்.

“இவ படிக்கட்டும் சார். எவ்வளவு வேணும்னாலும் படிக்கட்டும். அந்தக் கம்ப்யூட்டர் மட்டும் வேண்டாம்.”

பெற்றோர் கூட்டங்களில் நான் பேசுவதெல்லாம் வாய் வரைக்கும் வந்தது. இனிமேல் இது தெரியாமல் எந்த வேலையும் இல்லை, உங்கள் பிள்ளை மட்டும் பின்தங்கிவிடக் கூடாது, எல்லாம். அவற்றில் ஒன்றும் பொய்யில்லை.

“இந்தத் தடவ நான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கறனுங்கம்மா.”

“போன தடவையும் நீங்கதான சார் பாத்துக்கிட்டிய.”

கோபமாகச் சொல்லவில்லை. தெரியாமல் கேட்கிறவரைப் போலத்தான் சொன்னார். அந்தச் சின்னப் பெண் என் மேசையிலிருந்த கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரலால் ஓரத்தில் தொட்டாள். எஸ்தர் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

சரிங்க என்றேன். கணினி வேண்டாம் என்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பாடவேளையில் எங்கள் பள்ளியில் தையல் வகுப்பு. அவள் பெயரை அதில் சேர்த்தேன்.